தேய்ந்த பற்கள், குறையாத முகம்: அப்பாவுக்கு எந்தச் சிகிச்சை?

அப்பாவுக்கு 71 வயது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் சாலையில் உள்ளே போனால் வரும் தோட்டங்களில் ஒன்றில் 34 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்த பிறகுதான் நாங்கள் டவுனுக்குக் குடிவந்தோம். அவருடைய மேல் முன்பற்கள் ஆறும் பாதி உயரத்துக்குத் தேய்ந்துவிட்டன. நுனிகள் தட்டையாகி, நடுவில் மஞ்சளாகக் குழி விழுந்திருக்கிறது. பெரிய வலி எதுவும் இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், முறுக்கைக் கடிக்க முடியாது, அவ்வளவுதான்.

சென்ற ஆண்டு அக்காள் மகளின் நிச்சயதார்த்தப் படங்கள் வந்தபோது அக்காள் ஒரு வார்த்தை சொன்னாள். "அப்பாவுக்கு மூக்கும் மோவாயும் கிட்டத்தில் வந்துவிட்டன, பார்த்தாயா? பல் தேய்ந்து முகமே குறுகிவிட்டது." அந்த வார்த்தை வீட்டில் எல்லாருடைய மனத்திலும் ஒட்டிக்கொண்டது. அடுத்த ஒரு மாதத்தில் எங்களுக்கு மூன்று யோசனைகள் கிடைத்தன. ஈப்போவில் ஒரு தனியார் கிளினிக், மீதமிருக்கும் 24 பற்களுக்கும் கேப், அதாவது பல்லை முழுதும் மூடும் உறை, போட்டு முகத்தைத் தூக்கிவிடலாம் என்றது. கேட்ட தொகைக்குப் பழைய மைவி கார் ஒன்றை வாங்கிவிடலாம். இன்னொரு கிளினிக், இத்தனை தேய்ந்த பல்லை வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்பட வேண்டும், எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட் போடலாம், முகம் நிமிரும் என்றது. அரசாங்கப் பல் மருத்துவமனையிலிருந்த இளம் மலாய் டாக்டர் மட்டும் எந்தச் சிகிச்சையையும் சொல்லாமல், "முதலில் முகம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்போம்" என்றார்.

அந்த ஒரு கேள்வியை முதல் இரண்டு இடங்களிலும் யாரும் கேட்கவில்லை என்பதுதான் இன்றைக்கும் என் நெஞ்சை உறுத்துகிறது. அளக்காமலே பல்லைப் பிடுங்கியிருந்தால் திரும்ப நட முடியுமா?

ஒரே வீட்டில் இரண்டு முகங்கள்

டாக்டரிடம் போவதற்கு முன்பே என் கண்முன் ஒரு பதில் இருந்தது. நான்தான் பார்க்கத் தவறினேன். அப்பாவுக்கு மூத்தவர் எங்கள் அத்தை. இருவரும் தோட்டத்து வரிசை வீடுகளான ஒரே லயத்தில் பிறந்து, ஒரே பெரட்டுக்களத்தில் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுத்து, ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அத்தைக்குப் பல்லில் பூச்சி அதிகம். வலி தாங்காமல் நாற்பது வயதுக்குள் எல்லாப் பற்களையும் எடுத்துவிட்டுச் செட் போட்டுக்கொண்டார். இப்போது போட்டிருப்பது 22 வருடத்துச் செட்.

அக்காள் சொன்ன அந்தத் தோற்றம், மூக்கும் மோவாயும் நெருங்கி, உதடுகள் உள்ளே மடிந்து, வாயோரத்தில் சுருக்கம் விழுந்து அடிக்கடி புண்ணாகும் தோற்றம், உண்மையில் அத்தையுடையது. அப்பாவின் பற்கள் குட்டையானாலும் அவர் முகம் முகமாகவே இருக்கிறது. ஒரு பல்கூடத் தேயாத அத்தையின் முகம்தான் சுருங்கியது. இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், எந்தச் சிகிச்சை சரி என்ற கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

பல் தேய்ந்தால் முகம் ஏன் குட்டையாவதில்லை

எல்லாருக்கும் தோன்றும் கணக்கு எளிது. மேல்பல்லில் 3 மில்லி மீட்டர், கீழ்ப்பல்லில் 3 மில்லி மீட்டர் தேய்ந்தால் வாயை மூடும்போது மோவாய் 6 மில்லி மீட்டர் மேலே ஏற வேண்டும். பல் என்பது சுவரில் அடித்த ஆணியாக இருந்தால் இந்தக் கணக்கு சரிதான்.

ஆனால் பல் ஆணி போன்றது அன்று. அது எலும்புக் குழிக்குள் நார்களால் தொங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பல்லோடு மோதும்வரை எழும்பிக்கொண்டே வருவது அதன் இயல்பு. நுனி மெல்ல மெல்லத் தேயும்போது, பல் தான் பதிந்திருக்கும் எலும்பையும் ஈற்றையும் கூட்டிக்கொண்டு அந்த இடைவெளியை நிரப்ப நகர்கிறது. தேய்ந்த அளவுக்கு எழும்பிவிட்டால் வாயை மூடும்போது மோவாய் இருக்கும் இடம் மாறுவதில்லை. ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் மண்டையோடுகளில் பற்கள் மிகவும் தேய்ந்திருந்தும் முகம் தன்னை எப்படி ஈடுகட்டிக்கொள்கிறது என்பதை 1959-இல் மர்ஃபி ஆராய்ந்தார். பெரியும் பூலும் 1976-இல் இதே ஈடுகட்டலை விரிவாக எழுதினார்கள். இன்னொரு பக்கம், வளர்ந்த மனிதர்களின் முகம் வயது ஏற ஏறச் சிறிதளவு நீளவே செய்கிறது என்பதை 1985-இல் வெளிவந்த பெரெண்ட்ஸின் ஆய்வு காட்டியது.

இந்த ஈடுகட்டலை வீட்டிலேயே ஓரளவு கண்டுகொள்ளலாம். அப்பாவைச் சிரிக்கச் சொல்லி ஈறுகளின் ஓரத்தைப் பார்த்தேன். முன்பற்களின் ஈறு பக்கத்துப் பற்களின் ஈற்றைவிடக் கீழே இறங்கி வந்திருக்கிறது. அதாவது பல் குட்டையானபோது, ஈறும் எலும்பும் அதன் பின்னாலேயே வந்திருக்கின்றன. தேய்மானத்தை உடம்பு இத்தனை ஆண்டுகளாகப் பொறுமையாக ஈடுகட்டி வந்ததற்கு அந்த இறங்கிய ஈறு சாட்சி. அதைக் கண்ணால் பார்த்தபோது அப்பாவின் உடம்பின்மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்தது.

ஈடுகட்டல் தோற்கும் இடங்களும் உண்டு. தேய்மானம் வேகமாக இருந்தால், குறிப்பாக அமிலம் பல்லை அரித்தால், பல் எழும்பும் வேகம் அதற்கு ஈடுகொடுக்காது. கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் போய்விட்டால் தாங்குவதற்கு ஆள் இல்லாமல் தாடை மேலே ஏறும், முழுச் சுமையும் முன்பற்கள்மேல் விழும். எல்லாப் பற்களும் போய்விட்டால் அத்தையின் கதைதான்.

அளவெடுத்த நாள்

அப்பாவின் மூக்கு நுனியிலும் மோவாயிலும் சிறு பிளாஸ்டர் ஒட்டி, ஒவ்வொன்றிலும் பேனாவால் புள்ளி வைத்தார் டாக்டர். நிமிர்ந்து உட்காரச் சொன்னார். உதட்டை நனைத்து, எச்சிலை விழுங்கி, தாடையைத் தளரவிடச் சொன்னார். பிறகு 'ம' ஒலி வரும் சொல் எதையாவது சொல்லச் சொன்னார். அப்பா "அம்மா" என்றார். உதடுகள் அந்த ஒலியில் மூடித் தளரும் நிலையில் புள்ளிக்குப் புள்ளி 71 மில்லி மீட்டர். பல்லோடு பல் வைத்துக் கடிக்கச் சொன்னபோது 68.

நாம் சும்மா இருக்கும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருப்பதில்லை. இடையே 2 முதல் 4 மில்லி மீட்டர் இடைவெளி இருக்கும். அதை ஓய்வு இடைவெளி எனலாம். முகத்தின் கீழ்ப்பகுதி உண்மையில் குறைந்திருந்தால், கடிக்கும்போது தாடை அளவுக்கு மீறி மேலே ஏறும், இந்த இடைவெளியும் பெரிதாகும். அப்பாவுக்கு 3 மில்லி மீட்டர். குறை எதுவும் இல்லை.

இந்த அளவை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று டாக்டரே சொன்னார். தாடை ஓய்வெடுக்கும் நிலை வாழ்நாள் முழுவதும் மாறாது என்று 1946-இல் தாம்சன் எழுதினார். அது களைப்பாலும், தலையை வைத்திருக்கும் விதத்தாலும், காலப்போக்கில் தேய்மானத்தாலும் மாறக்கூடியது என்று பின்னால் தெரிந்தது. அதனால் எங்கள் டாக்டர் மூன்று முறை அளந்தார், 'ஸ' ஒலி வரும் சொற்களைச் சொல்லவைத்து அப்போது பற்கள் எவ்வளவு நெருங்குகின்றன என்று பார்த்தார், பழைய அடையாள அட்டைப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தார். நான்கும் ஒரே பக்கம் பேசின.

அப்படியானால் நிச்சயதார்த்தப் படத்தில் அக்காள் பார்த்தது என்ன? வயதாகும்போது மேலுதடு நீண்டு தொய்கிறது. சிரித்தாலும் மேல்பல் குறைவாகவே தெரிகிறது. கன்னத்துச் சதை வற்றுகிறது. முன்பற்களும் குட்டையாகிவிட்டதால் வாய் வெறுமையாகத் தோன்றுகிறது. முகத்தின் உயரம் குறைவது வேறு, முகம் வாடுவது வேறு. இரண்டாவதைப் பார்த்துவிட்டு முதலாவதற்கு வைத்தியம் செய்யப் போனோம்.

தேய்ந்த வாய்களை டர்னரும் மிஸ்ஸிர்லியனும் 1984-இல் மூன்றாகப் பிரித்தார்கள். தேய்மானத்தோடு முகத்தின் உயரமும் குறைந்தவர்கள் முதல் வகை. உயரம் குறையாமல், ஆனால் பல்லைக் கட்டுவதற்கு இடம் மிச்சமிருப்பவர்கள் இரண்டாம் வகை. உயரமும் குறையவில்லை, கட்டுவதற்கு இடமும் இல்லை என்பவர்கள் மூன்றாம் வகை. அப்பா மூன்றாம் வகை. பல் எழும்பி எழும்பி எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டது. அவருக்கு முகத்தை உயர்த்தும் வேலையே இல்லை, முன்பற்களைக் கட்ட இடம் உண்டாக்கும் வேலைதான் இருந்தது. இது தெரிந்த பிறகு, கையிலிருந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடைபோட்டோம்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல்செட்

இதைத்தான் நான் மிகக் கடுமையாக எதிர்த்தேன். நம் தோட்டத்துப் பெரியவர்களில் எத்தனையோ பேர் ஒரு வலிக்காக வாயைக் காலி செய்துகொண்டவர்கள். அந்த நாளில் அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை, அதை நான் குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கு வழி இருக்கும்போது அப்பாவை அந்தப் பாதையில் அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை.

பல் இருக்கும்வரைதான் அதைத் தாங்கும் எலும்பு இருக்கும். பல்லை எடுத்ததும் அந்த எலும்பு கரையத் தொடங்குகிறது. செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து டால்கிரன் 1972-இல் எழுதிய ஆய்வில், கரைதல் நிற்காமல் நடக்கிறது என்பதும், கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கரைகிறது என்பதும் தெரியவந்தன. எலும்பு கரையக் கரையச் செட் கீழே உட்காரும். செட்டின் பிளாஸ்டிக் பற்களும் தேயும். தேய்ந்த இயற்கைப் பல் எழும்பி ஈடுகட்டும். செட்டின் பல் எப்படி எழும்பும்? எலும்பு கரைவதும் பல் தேய்வதும் சேர்ந்து தாடையை மேலே கொண்டுவருகின்றன. போட்ட அன்று முகம் நிமிர்வது உண்மைதான். பதினைந்து இருபது ஆண்டுகளில், முகத்தை நிமிர்த்துவதாகச் சொல்லிச் செய்த அதே வைத்தியம் முகத்தைக் குறுக்கிவிடுகிறது. போதாததற்கு, முழுச் செட்டால் கடிக்கும் விசை இயற்கைப் பற்களின் விசையில் கால் பங்கு அளவுதான். கோழிக்கறியும் கடலையும் விரும்பிச் சாப்பிடும் மனிதருக்கு அது சின்ன இழப்பாகுமா?

ஆட்டம் கண்ட பற்கள், ஈறு முழுவதும் சீழ் பிடித்த வாய் என்றால் பேச்சு வேறு. அப்போதும் எல்லாவற்றையும் பிடுங்குவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இரண்டு கோரைப்பற்களின் வேர்களையாவது விட்டுவைக்க முடியுமா? அந்த வேர்களின்மேல் செட் அணிந்தவர்களையும், எல்லாப் பற்களையும் எடுத்தவர்களையும் ஐந்து ஆண்டுகள் ஒப்பிட்டு 1978-இல் கிரமும் ரூனியும் எழுதினார்கள். கீழ்த்தாடையின் முன்பக்க எலும்பு வேர் வைத்திருந்தவர்களுக்கு 0.6 மில்லி மீட்டர் குறைந்திருந்தது. எடுத்துவிட்டவர்களுக்கு 5.2 மில்லி மீட்டர். அத்தைக்கு அன்று யாராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

செட் கட்டிக்கொள்ளும் எவருக்கும் ஒரு சொல். வீட்டில் வைத்துச் செட் செய்து தரும் ஆட்கள் இன்றும் நம் பக்கம் உண்டு. அவர்களில் முகத்தின் உயரத்தை அளந்து செய்பவரை நான் கண்டதில்லை. 2018-ஆம் ஆண்டின் பல் மருத்துவச் சட்டப்படி, பதிவு பெறாதவர் இந்த வேலையைச் செய்வது குற்றம். கிளினிக் சுவரில் டாக்டரின் அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தயங்காதீர்கள்.

24 பற்களுக்கும் கேப்

அழகாக இருக்கும், உறுதியாக இருக்கும், நல்ல கையில் செய்தால் நெடுங்காலம் வரும். இதை மறுக்க முடியாது. முகம் உண்மையிலேயே குறைந்து, எல்லாப் பற்களும் அரித்துப்போனவர்களுக்கு இது கடைசியில் தேவைப்படலாம். கடியை 5 மில்லி மீட்டர் வரை உயர்த்துவதைத் தாடை பொறுத்துக்கொள்கிறது, அசௌகரியம் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் அடங்கிவிடுகிறது என்பது 2012 வரையிலான ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டது. ஆகவே உயர்த்துவதைப் பற்றி எனக்குப் பயம் இல்லை.

என் தயக்கம் வேறு இடத்தில். கேப் போடப் பல்லைச் சுற்றிலும் சீவ வேண்டும். முழு கேப்புக்காகச் சீவும்போது ஈற்றுக்கு மேலே தெரியும் பல்லில் 63 முதல் 72 விழுக்காடு போய்விடுகிறது என்று 2002-இல் எடல்ஹோஃபும் சோரன்சனும் எடைபோட்டுக் காட்டினார்கள். தேய்ந்ததால் ஏற்கெனவே குறைந்த பல்லை, காப்பாற்றுவதற்காக மேலும் சீவுவது! அப்பாவின் கடைவாய்ப் பற்கள் நன்றாக இருந்தன. முன்பற்கள் ஆறுக்காக, குற்றமற்ற பதினெட்டுப் பற்களைச் சீவச் சொல்கிறார்கள். சீவியவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் வேர் சிகிச்சை தேவைப்படும். இரவில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கமும் அவருக்கு உண்டு. பீங்கான் கேப் உடைந்தால் அதைக் கழற்றிப் புதிதாகத்தான் செய்ய வேண்டும். இத்தனைக்கும் பிறகு, முகத்தின் உயரம் குறையாதவருக்கு அதைத் தூக்குவதற்கு என்ன அவசியம்?

முன்பற்களை மட்டும் பசையால் உயர்த்துவது

நாங்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். கேட்டவுடன் நம்பிக்கை வராத முறை என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன்.

ஓஸ்லோவைச் சேர்ந்த டாலும் அவருடைய சக மருத்துவர்களும் 1975-இல் ஒரு வழியைக் காட்டினார்கள். மேல் முன்பற்களின் உட்புறத்தில் ஒரு மெல்லிய உலோகத் தட்டைப் பொருத்தினார்கள். வாயை மூடினால் கீழ் முன்பற்கள் அந்தத் தட்டில் மட்டும் இடிக்கும். கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். சில மாதங்களில் முன்பற்கள் சற்று உள்ளே அமிழ்ந்தன, தொடாமல் நின்ற கடைவாய்ப் பற்கள் எழும்பி வந்து மீண்டும் சேர்ந்துகொண்டன. தட்டை எடுத்தபோது மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவில் கட்டுவதற்கு இடம் கிடைத்திருந்தது. இத்தனை ஆண்டுகளாகத் தேய்மானத்தை ஈடுகட்டிய அதே இயல்பை, இந்த முறை நமக்காக வேலை செய்யவைக்கிறார்கள். அந்த எண்ணத்தின் நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

இப்போது உலோகத் தட்டு தேவையில்லை. அடைப்பதற்குப் பயன்படுத்தும் பல்நிறப் பசையை முன்பற்களின்மேலேயே ஒட்டி, விளக்கொளியில் இறுகவைத்து, இழந்த உயரத்தைக் கட்டிவிடுகிறார்கள். பல்லைச் சீவுவது கிடையாது. பிடிக்கவில்லை என்றால் பசையை எடுத்துவிடலாம். ஓரம் பெயர்ந்தால் ஒட்டிக்கொள்ளலாம். பெயரத்தான் செய்யும், நிறமும் சில ஆண்டுகளில் மங்கும், அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கேப்பைப் போல ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடும் வேலை அன்று இது. ஆனால் ஒவ்வொரு பழுதும் சிறிய பழுது, சிறிய செலவு. அரசாங்க மருத்துவமனை எங்களை ஈப்போவிலுள்ள நிபுணரிடம் அனுப்பியது. காத்திருந்த மாதங்கள் நீளம்தான். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் போய்வரவும் வேண்டும். மொத்தச் செலவு தனியார் கேட்டதன் அருகில்கூட வரவில்லை.

எல்லாருக்கும் இது பொருந்தாது. கடைவாய்ப் பற்கள் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், ஈறும் எலும்பும் உறுதியாக இருக்க வேண்டும். கடைவாயில் இம்ப்ளாண்ட் போட்டவர்களுக்கு அந்தப் பல் எழும்பவே எழும்பாது, ஏனெனில் அது எலும்போடு ஒட்டிக்கொண்டது. முகத்தின் உயரம் உண்மையிலேயே குறைந்தவர்களுக்கு முன்பல்லோடு கடைவாய்ப் பல்லையும் சேர்த்துக் கட்டி ஒரேயடியாக உயர்த்துவதுதான் முறை. அப்போது நினைவில் வைக்க வேண்டியது தாடை கதவைப் போலக் கீலில் திரும்புவது என்பது. கடைவாயில் 1 மில்லி மீட்டர் உயர்த்தினால் முன்னால் 2 முதல் 3 மில்லி மீட்டர் திறந்துகொள்ளும். பின்னால் தாராளமாக ஏற்றிவிட்டால் முன்னால் உதடு மூடாமல் போகும்.

ஈற்றை அறுத்துப் பல்லை நீளமாகக் காட்டும் வழியையும் ஒருவர் சொன்னார். அப்பாவின் வயதில் அதற்குரிய பலன் எங்களுக்குத் தெரியவில்லை, விட்டுவிட்டோம்.

எதுவும் கட்டாமல் விடுவது

இதையும் ஒரு வழியாக எண்ண வேண்டும். கூச்சம் இல்லை, தோற்றத்தைப் பற்றிக் கவலை இல்லை, தேய்மானம் நின்றுவிட்டது என்றால் வெறுமே கவனித்து வருவதே சரியான சிகிச்சை. தேய்வது நோயே அன்று. 1989-இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள் அளந்தபடி கடைவாய்ப் பல் மோதுமிடத்தில் ஆண்டுக்கு 29 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இயல்பாகவே தேய்கிறது. ஐம்பது ஆண்டுக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மில்லி மீட்டர். அதற்குமேல் தேய்ந்திருந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

காரணத்தைத் தேடாமல் எந்தச் சிகிச்சை செய்தாலும் அது வீண். அப்பாவிடம் மூன்று காரணங்கள் இருந்தன. சிறு வயதில் லயத்தில் கரித்தூளும் செங்கல் பொடியும் வைத்துத் துலக்கியது ஒன்று. வெற்றிலை பாக்கு மற்றொன்று. பாக்கு பல்லை அரைத்துத் தேய்க்கும். அதை விட்டுவிட இன்னும் பெரிய காரணம் ஒன்று உண்டு: பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்டிருக்கிறது. அப்பா 40 வருடப் பழக்கத்தை நான்கு மாதங்களில் விட்டார், அதற்காக நான் அவரை வணங்குகிறேன். மூன்றாவது இரவில் பல்லைக் கடிப்பது. அதற்கு இரவில் மாட்டிக்கொள்ளும் கெட்டியான பிளாஸ்டிக் உறை ஒன்று செய்து கொடுத்தார்கள். புதிதாகக் கட்டிய பசையை அதுதான் காக்கிறது.

இளையவர்களிடம் காரணம் வேறு. வெயிலுக்கு ஆசாம்போய் (உப்பிட்டு உலர்த்திய புளிப்புப் பழம்) போட்ட எலுமிச்சைத் தண்ணீரையும், கேஸ் பானத்தையும் நாள் முழுவதும் சிறிது சிறிதாக உறிஞ்சுகிறார்கள். வாயின் pH அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். குடித்த உடனே பல் துலக்கினால் இளகிய எனாமலைத் தேய்த்து எடுத்துவிடுகிறோம். தண்ணீரால் கொப்பளித்துவிட்டுச் சற்றுப் பொறுத்துத் துலக்கலாம். அமிலத் தேய்மானம் வேகமானது என்பதால், முகத்தின் உயரம் உண்மையிலேயே குறையும் ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம்.

இப்போது

அப்பாவுக்கு ஒரே நாளில் ஆறு முன்பற்களையும் கட்டினார்கள். முதல் மூன்று வாரங்கள் எளிதாக இல்லை. கடைவாய்ப் பற்கள் தொடாததால் சோற்றைக் குழைய வடித்து, ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டார். 'ச' வரும் சொற்கள் சற்று நழுவின. இரண்டாம் மாதத்தில் வலது பக்கம் தொட ஆரம்பித்தது. ஐந்தாம் மாதத்தில் டாக்டர் மெல்லிய நிறத்தாளைக் கடிக்கச் சொன்னபோது இரண்டு பக்கமும் கடைவாய்ப் பற்களில் நீலப் புள்ளிகள் விழுந்தன. அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா சுட்டு வைத்திருந்த முறுக்கை எடுத்துக் கடித்தார், ஒன்றும் பேசவில்லை.

அத்தை முதலில் வர மறுத்தார். "எனக்கு இருக்கிற வயதுக்கு இது போதும்" என்றார். வாயோரப் புண்தான் கடைசியில் அவரை இணங்கவைத்தது. செட்டோடு அளந்தபோது அவருடைய ஓய்வு இடைவெளி 9 மில்லி மீட்டர். அத்தனையையும் ஒரே நாளில் உயர்த்தினால் பொறுக்காது, 22 ஆண்டுகளாகப் பழகிய தாடை அது. அதனால் பழைய செட்டின் கடைவாய்ப் பற்கள்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பசை ஏற்றிப் பழக்கிவிட்டு, பிறகு புதுச் செட்டுக்கு அளவெடுக்கப் போகிறார்கள். சென்ற செவ்வாய்க்கிழமை முதற்கட்டமாக 2 மில்லி மீட்டர் ஏற்றியாகிவிட்டது. அடுத்த தேதி மூன்று வாரம் கழித்து. "அக்காவை நானே காரில் அழைத்துப் போகிறேன்" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.